இரண்டு இருக்கைக் கார்

இந்தக் காபியை நான் தொடப்போவதில்லை. பீங்கான் கோப்பை, அதற்கொரு தட்டு, தட்டின் ஓரத்தில் உறை போட்ட ஒற்றை பிஸ்கட். கொண்டுவந்து வைத்த பெண், "சர்க்கரை போட்டாச்சு அங்கிள்" என்றாள். அங்கிளாம். நான் யாருக்கும் அங்கிள் இல்லை. தோழர் மாசிலாமணி என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள், கேட்கிற ஆட்கள்தான் குறைந்துபோனார்கள், சொல்கிற ஆட்களும் குறைந்துபோனார்கள், அது வேறு விஷயம். காபி இருக்கட்டும், ஆறட்டும். கம்பெனிக்காரன் மேசையில் வைத்த காபியை வருஷக்கணக்காகத் தொடாமல் எதிரே உட்கார்ந்து பேசியவன் கார் கடைக் காபிக்கா நாக்கைத் தொங்கப்போடுவான். எங்கள் சங்கத்தில் அது எழுதாத சட்டம். பேச்சுவார்த்தைக்கு உள்ளே போகிறவன் கையெழுத்துக்கு முன்னால் அவர்கள் காபியைக் குடிக்கக் கூடாது. கேட்டுக்கு வெளியே காலையிலிருந்து நிற்கிற ஜனங்களுக்கு உள்ளே பேசுவது கேட்காது, மாடிக் கண்ணாடி ஜன்னலில் எங்கள் தலைகளும் கைகளும் மட்டும்தான் தெரியும், என் கை கோப்பையை எடுத்து வாயில் வைத்துவிட்டால் முடிந்தது என்று அர்த்தம், ஒப்பந்தம் ஆகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம். சினிமாவில் காட்டுவதுபோல யாரும் கத்திக் கொண்டாட மாட்டார்கள். அப்படியே தரையில் உட்காருவார்கள். அத்தனை நேரம் நின்ற கால். புழுதியில், கேட் முன்னால், ஆணும் பெண்ணுமாக உட்காருவதை மேலேயிருந்து பார்ப்பேன், அதற்கப்புறம்தான் அந்தக் காபியின் ருசியே எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் என் மனைவி இந்திராணி நின்றிருக்கிறாள், அவள் இடுப்பில் கைக்குழந்தையாகவும் பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு பாவாடை சட்டையிலும் என் மகள் வாலண்டினா நின்றிருக்கிறாள். அதே வாலண்டினாதான் இப்போது என்னை இந்தக் கண்ணாடிக்கு உள்ளே உட்காரவைத்துவிட்டு, ஃபெலிக்ஸ் என்கிற டை கட்டிய விற்பனைக்காரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கார் ஓட்டிப் பார்க்கக் கிளம்பிப் போயிருக்கிறாள். கோவளம் வரைக்கும் போய்விட்டு அரை மணியில் வந்துவிடுவார்களாம். "உங்களையும் கூப்பிட்டுப் போகலாம் சார், ஆனா இதுல ரெண்டே சீட்டுதான்" என்றான் அந்த ஃபெலிக்ஸ், ஏதோ அது பெருமை மாதிரி. மூணாவது ஆள் வந்தால் என்னப்பா செய்வீங்க என்று கேட்டேன். "மூணாவது ஆளே இருக்க மாட்டாங்க சார். அந்த மாதிரி கஸ்டமர்தான் இதை வாங்குவாங்க." இந்தப் பதிலை யாராவது ஒரு சுவரில் பெரிதாக எழுதிவைக்க வேண்டும்.

ஒரு கோடிக்கு மேலே. எவ்வளவு மேலே என்றும் சொன்னான், கோடியைக் கேட்டதும் என் காது அடைத்துக்கொண்டது. பாடி பாலத்தடியில் நிற்கிற ஷேர் ஆட்டோவில் டிரைவரின் தொடைக்கு அந்தப் பக்கம் ஒருவன் இந்தப் பக்கம் ஒருவன், பின்னால் எதிரெதிர் பலகையில் ஊரே உட்கார்ந்து போகிறது, கைக்குழந்தைக்குக் காசு கிடையாது. இங்கே ஒரு கோடிக்கு இரண்டு பேர், குடை வைக்க இடமில்லை, கால் நீட்டினால் தரையில் படுத்த மாதிரி இருக்கிறது, கூரையை வேண்டும்போது மடக்கிக்கொள்ளலாமாம். மெட்ராஸ் வெயிலில் எந்த மடையன் கூரையை மடக்குவான். கூரை வேண்டும் என்று இந்த ஊரில் பாதிப் பேர் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள், இவர்கள் கூரையை மடக்கிவைக்கத் தனியாகக் காசு வாங்குகிறார்கள். இதை நான் காலையில் டாக்சியில் வரும்போதே சொல்லியிருப்பேன், நல்ல வாக்கியம், நாக்கு நுனியில் இருந்தது, அதற்குள் அவள் கையை நீட்டித் தடுத்துவிட்டாள். "அப்பா, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. ஏசி வாங்கினப்ப என்ன பண்ணீங்க?" ஒன்றும் பண்ணவில்லை, மொட்டைமாடியில் படுத்தேன். "அந்தக் கோடை முழுக்க மாடியில படுத்தீங்க. என்கூடப் பேசல. சோத்தைத் தட்டுல போட்டு மாடிப்படியில வச்சுட்டு வந்தேன், ஜெயிலுக்கு வக்கிற மாதிரி. இந்தக் காரும் வந்து நீங்க திரும்ப மாடிக்குப் போறதா இருந்தா எனக்குக் கார் வேணாம். நிஜமா சொல்றேன். நீங்க வேணாம்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன், அப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசவும் மாட்டேன். ஆனா காரணம் சொல்லணும். நோட்டீஸ்ல இருக்கற காரணம் வேணாம். அதெல்லாம் எனக்கு மனப்பாடம். உங்க சொந்தக் காரணம் ஒண்ணு சொல்லுங்க, ஒண்ணே ஒண்ணு, போதும்." டாக்சிக்காரன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். எனக்கு முகம் சுட்டது. எதிர்த்தரப்பு நிபந்தனை போடுவதை எவ்வளவோ பார்த்திருக்கிறேன், இந்த மாதிரி நிபந்தனை யாரும் போட்டதில்லை, கையில் இருக்கிற ஆயுதத்தை எல்லாம் வாசலில் வைத்துவிட்டு வா என்கிறாள், பெற்ற பெண்.

நோட்டீஸ் என்றால் என்ன கேவலம். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தவன் நான், படித்ததெல்லாம் நோட்டீஸ்தான். ரோஸ் காகிதம், பச்சைக் காகிதம், உருளையில் சுற்றி எடுத்த மை கையில் ஒட்டும், அதை வாசித்துத்தான் லாபம் என்றால் என்ன, உபரி என்றால் என்ன, நான் ஏன் எட்டு மணி நேரம் நின்றபடியே ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் நிரப்புகிறேன், அது யாருடைய முதுகு வலிக்காமல் இருப்பதற்காக, என் முதுகு ஏன் வலிக்கிறது என்றெல்லாம் தெரிந்துகொண்டேன். கல்லூரிக்குப் போனவன் நூலகத்தில் படித்ததை நான் கேட் வாசலில் நின்று படித்தேன். பிறகு நானே எழுதினேன். 'தேவையா, சொகுசா?' என்று நான்கு பக்க நோட்டீஸ், எல்லாம் என் வாக்கியம், மதுரவாயல் வரைக்கும் போயிற்று. மனிதனுக்கு எது தேவை, எது அவன் கழுத்தில் மாட்டப்படும் கயிறு என்று அதில் பிரித்துப் பிரித்து எழுதியிருந்தேன். அது அச்சாகி வந்த வாரம் பார்த்து இந்திராணி மிக்ஸி கேட்டாள். தேவையா என்று கேட்டேன். அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் காலர் தைத்துவிட்டு வந்து அம்மியில் உட்கார்கிறவள். நோட்டீஸை வாங்கி முழுக்கப் படித்தாள், நிதானமாக, கடைசிப் பக்கம் வரைக்கும், பிறகு மடித்து என்னிடமே கொடுத்தாள். "நல்லா இருக்கு. அரைக்கிறவளைப் பத்தி ஒரு வரி சேர்த்துக்குங்க" என்றாள். மறுமாதம் அவள் சம்பளத்தில் மிக்ஸி வந்தது. அதற்காக நான் எழுதியது தப்பு என்று ஆகிவிடாது. அப்போதும் சரி, இப்போதும் சரி, ஒவ்வொரு வரியும் சரி. அதை இவள் எப்படி ஒதுக்கலாம். ஒரு பொருளுக்கு இவ்வளவு விலை கொடுக்கலாமா என்று கேட்டால் அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகள் படிக்கலாம் என்று சொல்லக் கூடாதாம். டாக்சியில் அதைத் தொடங்கினேன், தொடங்கியவுடன் அவள், "கொடுத்துட்டேன்பா. உங்க ராயப்பன் மாமா நடத்துற ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்கு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன், சொன்னா அதுக்கும் கூட்டம் போடுவீங்க" என்றாள். ராயப்பன் என்கூடவே மறியலில் படுத்தவன், வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகிறவன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரி, பள்ளிக்கூடம் போயிற்று. வரியா, கட்டிவிட்டாள். எப்படி வந்த பணம், அதையாவது கேட்கலாமா என்றால், அதுதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது, இவள் வேலை பார்த்த கம்பெனியை அமெரிக்காவில் யாரோ யாரிடமோ விற்றபோது இவளுக்குக் கொஞ்சம் பங்கு இருந்ததாம், பங்குக்குப் பணம் வந்ததாம். தோழர் மாசிலாமணி மகள் பங்குதாரர். நீ முதலாளியா என்று அன்றைக்குக் கேட்டேன். "சின்ன முதலாளிப்பா. ரொம்பச் சின்ன. பெட்டிக்கடை அளவு" என்று சிரித்தாள். சிரிக்கிற விஷயமா அது. அந்தப் பங்குக்காக இவள் எத்தனை வருஷம் ராத்திரி முழுக்க முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள், அங்கே பகல், இங்கே ராத்திரி, கல்யாணம் ஒன்று பண்ணி அதுவும் அந்த ராத்திரிகளில்தான் கரைந்துபோனது, விடிகாலையில் நான் பால் வாங்க எழுந்தால் இவள் முகம் வெளுத்து அந்த வெளிச்சத்தில் இருக்கும், அந்த உழைப்பை யார் எடுத்துக்கொண்டது, அதில் எத்தனையில் ஒரு பங்கு திரும்பி வந்திருக்கிறது, அதைத்தான் நான் கேட்க வேண்டும், ஆனால் அப்படிக் கேட்டால் அந்தப் பணம் இவளுடையதுதான் என்று ஆகிவிடுகிறதே. பார்த்தாயா, இதுதான் சனியன், எந்தப் பக்கம் பிடித்து இழுத்தாலும் முடிச்சு இறுகுகிறது.

என்ன சத்தம். எதிரே இருக்கிற பெரிய வண்டியைச் சுற்றி ஒரு குடும்பம் கூடிவிட்டது. பட்டுப் போர்வை போட்டு மூடியிருக்கிறார்கள், கல்யாணப் பெண் மாதிரி, அதன் நான்கு சக்கரத்துக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம். ஐயர் அவசரப்படுத்துகிறார், பத்தரைக்கு ராகுகாலமாம், அதற்குள் பழம் நசுங்க வேண்டுமாம். குடும்பத்துப் பெரியவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நான்கு பழமும் நேராக இருக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்க்கிறார், எங்கோ ஒரு நாட்டில் இயந்திரக் கை பூட்டிய திருகாணியைவிட அந்தப் பழத்தின்மேல் அவருக்கு நம்பிக்கை அதிகம். இதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் இன்னொரு நோட்டீஸ் ஆகும். இப்போது கடையில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கிறார்கள், ஒரே நிறச் சட்டை, துடைக்கிற துணியோடு வந்தவன் துணியைப் பின்பாக்கெட்டில் சொருகிக்கொள்கிறான், காபி கொண்டுவந்த பெண்ணும் வரிசையில். என் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. சீருடையில் ஆட்கள் வரிசையாக நின்றால் என் உடம்புக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தும்விட்டேன், தொண்டையைக்கூடச் செருமிவிட்டேன், நான் எழுந்ததைப் பார்த்து வரிசையின் கடைசியில் நின்றவன் தலையைக் குனிந்து வணக்கம் வைத்தான். தோழர்களே என்று சொல்லியிருப்பேன். ஒரு நொடி. அதற்குள் போர்வையை இழுத்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். அவ்வளவுதான். அதற்குத்தான் வரிசை. யாரோ ஒருவன் கார் வாங்கியதற்கு அதை வாழ்நாளில் வாங்க முடியாதவர்கள் நின்று கை தட்ட வேண்டும், அது வேலையில் சேர்த்தி. நான் உட்கார்ந்துவிட்டேன். தட்டி முடித்து அந்தப் பெண் இந்தப் பக்கம் வந்தாள். "காபி குடிக்கலையா அங்கிள், வேற மாத்தித் தரவா?" அங்கிள் என்று சொல்லாதே அம்மா, ஐயான்னு சொல்லு, இல்ல தோழர்னு சொல்லு என்றேன். "தோழரா? எங்க மேனேஜர் கேட்டா என்னையும் உங்களையும் சேர்த்து வெளிய அனுப்பிடுவாரு. தாத்தான்னு சொல்லட்டா?" பெயர் கேட்டேன், மோனிஷா, பெரும்பாக்கத்திலிருந்து வருகிறாள், ஊருக்குள் ஆற்றோரத்தில் இருந்தவர்களைக் கொண்டுபோய் அங்கே அடுக்கினார்களே, அந்தக் கட்டடத்தில் ஆறாவது மாடி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை தட்டுவீங்க? "முகூர்த்த நாள்னா நிக்கவே நேரம் இருக்காது." கை வலிக்காதா? "கை வலிக்காது தாத்தா. சிரிச்சுக்கிட்டே தட்டணும், இங்கதான் வலிக்கும்" என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். சங்கம் இருக்கிறதா என்று கேட்க வாய் திறந்தேன். அவளே முந்திக்கொண்டாள், குரலைத் தாழ்த்தி, "ஆமா, அந்த அக்கா உங்க பொண்ணா? தனியா வந்து அவங்களே அவங்களுக்கு வாங்குறாங்கல்ல? இங்க லேடீஸ் வருவாங்க, கலர் மட்டும் சொல்லிட்டு உக்காந்துடுவாங்க. இவங்க வந்த அன்னிக்கு பானட்டைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தாங்க, நாங்க எல்லாம் பேசிக்கிட்டோம்." என்ன பேசிக்கிட்டீங்க? "அவங்களுக்குத் தட்டும்போது வலிக்காதுன்னு." போய்விட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தப் பெண்ணும் அந்தப் பக்கம்தானா. வர்க்கம் என்று ஒன்று இல்லையா.

அரை மணி ஆகிவிட்டது. பழம் நசுக்கிய குடும்பம் போயாயிற்று, நசுங்கிய பழத்தை ஒருவன் துடைத்துக்கொண்டிருக்கிறான், புளிப்பு வாசனை ஏசியில் சுற்றுகிறது. டோலில் நெரிசலாக இருக்கும். போன் பண்ணிப் பார்த்தேன், என் பக்கத்திலேயே உறுமியது, அவள் கைப்பையை என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், பைக்குள் போன், அதில் அப்பா என்று என் பெயர் எரிந்து அணைகிறது. ஃபெலிக்ஸ் நம்பர் என்னிடம் இல்லை. அந்தச் சாலையில் தண்ணீர் லாரி வரும். வார நாள்தான், ஆனாலும் வரும், தண்ணீர் லாரிக்காரன் பிரேக்கை மிதித்தாலும் உள்ளே இருக்கிற தண்ணீர் மிதிக்காது, முன்னால் தள்ளும், அந்த எடை எனக்குத் தெரியும். இவள் போகிற வண்டி என் முழங்கால் உயரம். லாரிக்காரன் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அந்த உயரத்துக்குத்தான் இந்த விலையா. இருக்கிற விலையில் பாதியைப் போட்டு ஒரு ஆள் உயரத்துக்கு வண்டி வாங்கக் கூடாதா. எங்கள் தெருவுக்கே இது வராது, வந்தால் அடி தட்டும், கொரட்டூர் நான்காவது தெருவில் இருக்கிற வேகத்தடை நான் போட்டது. நான் போட்டது என்றால், கம்பெனி லாரிகள் குறுக்கு வழி என்று எங்கள் தெருவில் பறந்தபோது ஏழு வீட்டுக்காரர்களைக் கூட்டி நடுத்தெருவில் பாய் போட்டு உட்கார்ந்தேன், அதிகாரி வந்து பார்த்துவிட்டு ஆகட்டும் என்று போனார், ஆகவில்லை, நாங்களே சிமெண்ட் வாங்கி ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவிட்டோம், கொஞ்சம் உயரமாகவே கட்டிவிட்டோம், இன்றைக்கும் ஆட்டோக்காரர்கள் அதைத் தாண்டும்போது என் பெயரைச் சொல்லித் திட்டுகிறார்கள். இது சொந்தக் காரணம்தானே, எந்த நோட்டீஸிலும் கிடையாது. போன வாரமே சொன்னேன். "அளந்துட்டேன்பா. டேப் எடுத்துட்டுப் போய் அளந்தேன், எதிர் வீட்டுக்காரர் சிரிச்சாரு. நேரா ஏறினா தட்டும். குறுக்கா, ஒவ்வொரு சக்கரமா ஏத்தினா போயிடும்." என் வேகத்தடையைக் குறுக்காகத் தாண்டுவாளாம். வருமுன்னே எல்லா வாசலிலும் ஆள் நிறுத்தியிருக்கிறாள், பேச்சுவார்த்தைக்கு வருகிறவள் இப்படித்தான் வர வேண்டும், யாரிடம் கற்றாள். ஏதோ சைரன். கேட்கிறதா, கேட்கவில்லையா. கண்ணாடி தடிமனாக இருக்கிறது, வெளியே எல்லாம் ஊமையாகப் போகிறது, பஸ், பைக், ஒரு ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ் கோவளம் பக்கம்தான் போகிறது. போகிற திசைதான் அது, திரும்புகிற திசை இல்லை, யாரையோ எடுக்கப் போகிறார்கள். யாருக்காவது நெஞ்சு வலியாக இருக்கும். அந்த ஃபெலிக்ஸுக்கு முதலில் லைசென்ஸ் இருக்கிறதா. கையைப் பார்த்தேன், கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கியிருக்கிறேன், நுனி வெளுத்துவிட்டது. அந்தப் பெயரை நான் வைத்திருக்கக் கூடாது. பிரசவ அறைக்கு வெளியே நின்றுகொண்டு பெருமையாகச் சொன்னேன், வாலண்டினா என்று, முதல்முதலாக விண்வெளிக்குத் தனியாகப் போன பெண் பெயர், ஒரு நெசவாலைத் தொழிலாளி பூமியைச் சுற்றி வந்தாள் என்று நர்சுக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். நர்ஸ், "அவ்ளோ உசரம் எல்லாம் எதுக்குங்க, சுகமா இருந்தா போதாதா" என்றாள். அன்றைக்கு அவளைப் பிற்போக்கு என்று நினைத்தேன்.

பயம். அதுதான். அட, அதுதான் காரணம். எனக்கு விலையும் இல்லை, கூரையும் இல்லை, பங்கும் இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, அவள் வேகமாகப் போவாள், அந்த வண்டி அதற்கென்றே செய்தது, ஒவ்வொரு தடவையும் நான் கேட்டைப் பார்த்துக்கொண்டு இப்படி உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் இருக்கிறது இரண்டு பேர், அதில் ஒருவர் குறைந்தால் மிச்சம் நான். சொந்தக் காரணம் கேட்டாய் அல்லவா, இந்தா, எந்த அச்சகத்திலும் அச்சாகாதது. வந்ததும் சொல்லிவிடலாம், வாலண்டினா, எனக்குப் பயமா இருக்கு, வேணாம் என்று. அவ்வளவு போதும், அவள் கையெழுத்துப் போட மாட்டாள், வாக்குக் கொடுத்திருக்கிறாள், என் மகள் சொன்னால் சொன்னதுதான். ஜெயித்துவிட்டேன். சாய்ந்து உட்கார்ந்தேன், சொல்லிப் பார்த்தேன், உதட்டை மட்டும் அசைத்து, எனக்குப் பயமா இருக்கு, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அந்த வாக்கியம் எங்கேயோ கேட்டிருக்கிறேன். உன் நல்லதுக்குத்தான். எங்கே. நான் எழுதவில்லை, ராயப்பன் எழுதவில்லை, எங்கள் நோட்டீஸ் எதிலும் இல்லை, ஆனால் காகிதத்தில் பார்த்திருக்கிறேன், நல்ல வெள்ளைக் காகிதம், தடித்த காகிதம். துரைக்கண்ணு. பர்சனல் ஆபீசர் துரைக்கண்ணு, கதவடைப்பு நடந்தபோது தொழிலாளியின் வீட்டுக்காரிகளுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினானே. 'உங்கள் கணவரின் எதிர்காலத்தை எண்ணி எங்களுக்கு அச்சமாக இருக்கிறது. உங்கள் குடும்பத்தின் நன்மைக்காகவே சொல்கிறோம், அவரை அமைதியாக வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.' வீட்டுக்கு வீடு போனது அந்தத் தாள். சில வீடுகளில் அது வேலையும் செய்தது, அழுது காலைப் பிடித்து நிறுத்திக்கொண்டார்கள். அதைவிடக் கேவலமான நோட்டீஸை நான் பார்த்ததில்லை என்று மேடையில் பேசினேன். அடிக்கிறேன் என்று சொல்கிறவனை எதிர்த்து நிற்கலாம், உனக்காகப் பயப்படுகிறேன் என்று சொல்கிறவனை என்ன செய்வது, அவன் ஆளை அல்லவா உட்காரவைக்கிறான் என்று கேட்டேன், கூட்டம் கை தட்டியது, சம்பளத்துக்குத் தட்டிய கை இல்லை. இந்திராணி அந்தத் தபாலைப் பிரித்துப் படித்துவிட்டு நாலாக மடித்தாள், ஆடிக்கொண்டிருந்த தையல் மெஷின் காலுக்குக் கீழே வைத்து ஆட்டம் நிற்கிறதா என்று பார்த்தாள், நின்றது. "அவனுக்கு உங்களை நெனச்சு பயமாம்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "எனக்கும்தான் பயம். தெனம் நீங்க செருப்பை மாட்டும்போது பயம். உக்காருங்கன்னு ஒரு நாளாவது சொன்னேனா?" சொல்லவில்லை. கண்ணை மூடுகிறவரைக்கும் சொல்லவில்லை. ஆகப் போயும் போயும் என்னிடம் மிச்சமிருக்கிற ஒரே சொந்தக் காரணம் துரைக்கண்ணு நோட்டீஸில் இருந்தது. என்ன அநியாயம் இது. எங்கள் நோட்டீஸ் கூடாதாம், எதிரி நோட்டீஸை நான் எப்படி நீட்டுவேன். இந்தக் கண்ணாடி, இந்த ஏசி, இந்தப் பிஸ்கட், எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும் போல இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காபிமேல் ஆடை கட்டிவிட்டது, பழுப்பாக, நடுவில் ஒரு சுருக்கம்.

வந்துவிட்டது. சத்தம் முன்னால் வந்தது, தடித்த கண்ணாடியைத் தாண்டி வயிற்றில் கேட்டது, பிறகு ஈரச் சிமெண்ட் நிறத்தில் அது, கூரையை மடக்கியிருக்கிறாள், வெயிலில், தலைமுடி எல்லாம் காற்றில் போய் ஒரு பக்கமாக நிற்கிறது. ஃபெலிக்ஸ் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அவள் இறங்கி வந்த நடை எனக்குத் தெரியாத நடை, கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நேராக என்முன் வந்து நின்றாள், உட்காரவில்லை. லேட்டு என்றேன். "டோல்ல கும்பல்பா. திரும்பறப்ப ஒரு நீட்டு ரோடு காலியா இருந்துச்சு." எவ்ளோ வேகம்? "அதைக் கேக்காதீங்க." ஃபெலிக்ஸ் காகிதமும் பேனாவும் கொண்டுவந்தான், அவனைக் கை காட்டி நிறுத்தினாள், "ஒரு நிமிஷம் இருங்க, எங்க அப்பா முடிவு சொல்லணும்" என்றாள், அவனுக்குப் புரியவில்லை, புரியாமலே நின்றான். தூரத்தில் மோனிஷா ஒரு மேசையைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்கப்பா." விலை அநியாயம். "நோட்டீஸ்." மூணாவது ஆளுக்கு இடமில்லை. அவள் என்னைப் பார்த்தாள். "வீட்டுல ரெண்டு பேர்தானேப்பா இருக்கோம்" என்றாள், மெதுவாக, அது வாதத்துக்காகச் சொன்னது அல்ல. சொந்தக் காரணம் ஒண்ணு இருக்கு என்றேன். "சொல்லுங்க. அதைத்தான் கேட்டேன்." இருக்கு, ஆனா அதைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுவர முடியாது. வெச்சா நீ ஒத்துக்குவே. அப்படி ஒத்துக்கறது எனக்கு வேணாம். அவள் என் மடியைப் பார்த்தாள், அவள் கைப்பை வாரில் என் விரல்கள் இன்னும் சிக்கியிருந்தன. தன் வலது கையை என்முன் நீட்டினாள், உள்ளங்கை கீழே பார்க்க, அதுவும் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "எனக்கும்தான்" என்றாள், சிரித்தாள், இந்திராணியின் பல் வரிசை. விலை அநியாயம்தான். அதிலிருந்து நான் ஒரு அடி பின்வாங்கவில்லை, இந்தக் கடையில் கை தட்டுகிறவர்களுக்குச் சங்கம் வேண்டும், அதையும் விடப்போவதில்லை, வண்டி எடுக்கிற அன்றைக்கு வந்து அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டுத்தான் போவேன். வாரிலிருந்து விரலை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டேன். கோப்பையை எடுத்தேன். ஆடை உதட்டில் ஒட்டியது, ஆறி ஜில்லிட்டுக் கிடந்தது, சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள், கோடிக்கணக்கில் வியாபாரம் பண்ணுகிறவர்களுக்கு ஒரு காபி போடத் தெரியவில்லை. வாலண்டினா கோப்பையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஃபெலிக்ஸ் பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினான். அவள் அதை வாங்கவில்லை. நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள், பளபளவென்று துடைத்த அந்தத் தரையில், காலை மடக்கி, புதுக் கார்களுக்கு நடுவே. "மேடம், சேர் இருக்கு மேடம்" என்று அவன் பதறினான். நான் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.